பொட்டு வைத்த மர அச்சு

“டிப்ளமோ படிச்சவ உக்காந்து பில் போடட்டும். இரும்புகிட்ட அவளுக்கு இன்னா வேல?”

பெரியப்பா இதை என்னிடம் சொல்லவில்லை. ஆம்பூரிலிருந்து வந்திருந்த தோல் ஷாப் முதலாளி பாயிடம் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை.

தோல் பதனிடும் டிரம்களைச் சுழலவைக்கும் பல்சக்கரங்கள்தான் எங்கள் பட்டறையின் பிழைப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் கொள்ளுத்தாத்தா செதுக்கிய மர அச்சை மணலில் பதித்துத்தான் வார்ப்படக்காரர் இன்றும் இரும்பை ஊற்றுகிறார். ஆயுத பூஜை வந்தால் அந்த அச்சுக்குப் புது வார்னிஷ் அடித்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பழைய பூச்சைச் சுரண்டுவது பாவமாம். பூசிப் பூசி அச்சின் பற்கள் தடித்துவிட்டன. அதில் வார்த்த சக்கரத்தின் பற்களும் அப்படியே. பெரியப்பாவும் அப்பாவும் அவற்றை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி ஒப்பேற்றுவார்கள். அதற்குக் கைப்பக்குவம் என்று பெயர் வேறு.

பாய் சண்டைக்குத்தான் வந்திருந்தார். எங்கள் சக்கரம் இறுகி டிரம் நின்றுபோய், உள்ளே ஊறிய தோலெல்லாம் வீண்.

“இன்னொரு வாட்டி நின்னா கோயம்புத்தூர்ல வாங்கிக்கிறேண்ணே. இந்தப் பேஜார் எனக்கு வாணாம்.”

நான் அச்சை எடுத்து வந்து, பூச்சு ஏறியிருப்பதை அளந்து காட்டினேன். சுரண்டினால் சரியாகிவிடும் என்றேன்.

“சாமிமேல கத்தி வெப்பியா? உன்னப் படிக்க வெச்சான் பாரு, அவனச் சொல்லணும்” என்று அப்பா பக்கம் பார்த்தபடியே பெரியப்பா அச்சைப் பிடுங்கிக்கொண்டார்.

அப்பா அரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்ததை பில் போட்டுத் தீர்ப்பதாக இல்லை. மறுநாளே ஆம்பூருக்குப் போய், டிரம்மில் சக்கரம் உட்காரும் இடத்தை நானே அளந்தேன்.

“உங்க பெரியப்பாவுக்குத் தெரியுமாம்மா?” என்றார் பாய்.

“தெரிய வேணாம் பாய்.”

அவர் சிரித்தார். “ஒண்ணு செஞ்சு குடு. சுத்துச்சுன்னா அப்புறமும் உங்கிட்டயே வாங்குறேன்.”

நான் வரைந்து கொடுத்தபடி பள்ளிகொண்டா ஆசாரி புது அச்சைச் செதுக்கினார். பூச்சு ஒன்றே ஒன்று. பொட்டு இல்லை. நேற்று அதை எங்கள் பட்டறை வாசல் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனேன். பெரியப்பா பார்த்தார். நிற்காமல் போய், வார்ப்படக்காரரிடம் இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.