மாமியின் அரைப்பேர்

பிரசங்கம் முடிந்ததும் ஃபாதர் கையை நீட்டி ஆசீர்வதித்து, "சமாதானமாகப் போங்கள்" என்றார். மாமி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவரோடு ஞானஸ்நானத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த இன்னும் சிலரும் எழுந்தார்கள். சிஸ்டர் முன்னால் நடக்க, எல்லோரும் பக்கத்து மண்டபத்துக்குப் போனார்கள். பூசையின் மீதிப் பாதி எங்களுக்கு. அவர்களுக்கு, அன்றைக்கு வாசித்த வேதப்பகுதியைப் பற்றிய பேச்சு. பெரியவர்களாகி வேதத்தில் சேருகிறவர்கள் கடந்து வரவேண்டிய பழைய முறை இது. கைக்குழந்தையாக இருந்தபோதே தலையில் தண்ணீர் ஊற்றப்பட்ட என்னை யாரும் அப்படி வெளியே அனுப்பியதில்லை. மாமி படியிறங்கியபோது எனக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று.

மாமி என்றால் என் கணவரின் தாயார். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். பதுளையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மனதில் ஏதும் வைத்துக்கொண்டிருக்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். "ஒங்க கோயில்லயும் அரைப்பேரு போடுறாங்களே" என்றார், சிரிக்காமல். பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் தோட்டத்தில் அன்றைக்கு அரை நாள் சம்பளம்தான். அதற்கு அரைப்பேர் என்று பெயர். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போதெல்லாம், "வா, போயி அரைப்பேரு வாங்கிட்டு வருவோம்" என்பதே எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது.

அவரை யாரும் கூப்பிடவில்லை. மாமனார் இறந்த பிறகு வீட்டில் தனியாக இருக்கவேண்டாமே என்று என்னோடு வரத் தொடங்கினார். என் மகள் பூசையில் அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போவது அவர் வேலை. பிள்ளை வளர்ந்து அழுகையை நிறுத்திய பிறகும் வந்தார். "கொழந்தயத் தூக்க வந்தவ, உக்காந்துட்டேன். இங்க வந்தா நெஞ்சு அடங்குது" என்று ஒருநாள் ஃபாதரிடம் அவரே சொன்னார். என் கணவர் கோயிலும் குளமுமாகத் திரிகிறவரல்ல. அம்மாவுக்குப் பிடித்தால் சரி என்று விட்டுவிட்டார். ஞானஸ்நானத்தின்போது தாய் ஸ்தானத்தில் பக்கத்தில் நிற்கிற ஞானத்தாய் யார் என்று கேட்டபோது மாமி என்னைக் காட்டினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிற பெண்கள் விடுவார்களா? மாமியாருக்கு மருமகள் தாயாகிற அதிசயத்தை எந்த ஊரில் கண்டது என்று குழாயடியில் கேலி செய்தார்கள். மாமி அசரவில்லை. என்னைப் பார்த்து, "அம்மாவாயிட்டல்ல, போயி தேத்தண்ணி ஊத்திட்டு வா" என்றார்.

தவக்காலத் தொடக்கத்தில், அந்த ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெறப்போகிறவர்கள் பீடத்தின் முன்னால் வந்து பெயர் கொடுக்கவேண்டும். அந்த ஞாயிறு மாமிக்கு முழங்கால் வலி. மறு வருடமும் சரியாக அந்த ஞாயிறுதான் முழங்கால் பிடித்துக்கொண்டது. அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ஈஸ்டருக்கு வெள்ளைச் சேலை கட்டினார்கள். மாமி மட்டும் பிரசங்கம் முடிந்ததும் குடையோடு எழுந்துகொண்டிருந்தார். செபங்கள் மனதில் நிற்கவில்லை போலும் என்று சிலர் பரிதாபப்பட்டார்கள். விசுவாச அறிக்கையை அரிசி புடைத்துக்கொண்டே ஒரு சொல் பிசகாமல் சொல்லுவார் என்பது எனக்குத் தெரியும். அதனால் எனக்குப் பரிதாபம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ஒரு பின்னேரம் முற்றத்தில் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். மாமி தலையைத் தூக்காமலே கேட்டார்.

"புதுத் தோட்டத்துல பேரு விழணும்னா, பழைய தோட்டத்துல வெட்டிருவாங்கல்ல?"

எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"நான் கல்யாணம் முடிஞ்சு இந்தத் தோட்டத்துக்கு வந்தப்ப, பொறந்த தோட்டத்துல என் பேர வெட்டிட்டாங்க. அதுக்கப்புறம் அங்க போனா விருந்தாளிதான். எங்கப்பா செத்ததுக்குப் போயி வெளியாளு மாதிரி நின்னேன். இப்ப ஒங்க கோயில்ல பேரக் குடுத்தா, ஒன் மாமனாரு இருக்கிற எடத்துல என் பேர வெட்டிருவாங்க. நாளைக்கு நான் செத்தா அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கமா? அரைப்பேருன்னா ரெண்டு பக்கமும் நிக்கலாம்ல."

நான் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஞானத்தாய் என்று பெயர்தான். எரிச்சல்பட்டேனே தவிர, ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் விளையாட்டாகச் சொல்லிவந்த சொல்லுக்குள் இவ்வளவு பயம் இருந்திருக்கிறது. பிறந்த வீட்டை ஒருமுறை விட்டு வந்தவருக்கு, கட்டியவரையும் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்களோ என்ற பயம். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துபோயிற்று.

அடுத்த நாளே ஃபாதரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். மாமி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீங்க சேர்ந்தா அவர் உங்கட மனுசன் இல்லாமப் போவாரோ, அம்மா? ஆர் சொன்னது? அவர் எங்க இருக்கிறாரெண்டு சொல்ல நான் ஆளில்லை. எங்க இருந்தாலும் நல்லா இருக்கவேணுமெண்டு கடவுளிட்டக் கேக்கலாம். அவற்ற பேரைச் சொல்லுங்கோ. வாற ஞாயிறு பூசையில வாசிக்கிறன்."

ஃபாதர் இதை மிகச் சாதாரணமாகக் கேட்டுவிட்டார். மாமி கணவன் பெயரைச் சொல்கிற தலைமுறை அல்ல. ஆஸ்பத்திரியில் துண்டுச்சீட்டு எழுதும்போதுகூட, "ஒங்கப்பா பேரச் சொல்லுடா" என்று மகனைத்தான் முன்னால் தள்ளுவார். மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை என்றாலும் அப்படியே. எனக்கு அவர் 'ஒன் மாமனாரு', மற்றவர்களுக்கு 'எங்க வீட்டுக்காரரு'. ஆகவே நான் வழக்கம்போல் வாயைத் திறந்தேன். மாமி என் கையைப் பிடித்து நிறுத்தினார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"முத்துக்கருப்பன்."

"முத்து... என்ன அம்மா?" ஃபாதருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மாமி இந்த முறை அவர் முகத்தைப் பார்த்து, இன்னும் சத்தமாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃபாதர் ஏன் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை, இறந்தவர்களின் பெயர் வரிசையில் அந்தோனிக்கும் மரியம்மாவுக்கும் நடுவில் முத்துக்கருப்பன் என்ற பெயரும் வாசிக்கப்பட்டது. அடுத்த தவக்காலத்தில் மாமிக்கு முழங்கால் வலி வரவில்லை. ஈஸ்டருக்கு அவர் தலையில் தண்ணீர் ஊற்றியபோது, ஞானத்தாயாக நான் அவர் தோளில் கை வைத்து நின்றேன்.

இப்போது நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் மாமிதான் நிற்கிறார். அந்த ஃபாதர் மாற்றலாகிப் போய்விட்டார். மாமனாரின் திதி வரும் மாதம் மாமி யார் துணையும் இல்லாமல் போய், பூசையில் வாசிக்க அவர் பெயரைக் கொடுத்துவிட்டு வருகிறார். சென்ற முறை நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு கோயிலைச் சேர்ந்த சபையைப் பங்கு என்று சொல்வது எங்கள் வழக்கம். புதிதாக வந்திருக்கும் இளம் ஃபாதர் பெயரை எழுதிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "இவரு நம்ம பங்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஃபாதர்" என்றார் மாமி. "நான்தான் ஒங்க பங்கு. அவரு என் பங்கு."