பத்தொன்பது முதல் கையெழுத்துகள்

என் மகளுடைய டிபன் டப்பா ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. அதன் மேல் ஏறியது மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஏற்றிப் போன ஒரு லாரி. ரோட்டைக் கடக்கும்போது டப்பா கை நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனியாமல் பின்னால் தாவினாள், பிழைத்தாள். "மாடெல்லாம் என்னை எட்டிப் பார்த்ததும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அப்போது பத்து வயது. லாரி ஹார்ன் கேட்டால் இன்றைக்கும் அடுப்பை விட்டு வாசலுக்கு ஓடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிக் காவேரிப் பாலம் தாண்டித் திருச்சியில் படித்தாள். பாலம் இறங்கிக் கொஞ்ச தூரத்தில் ஒரு நாற்சந்தி. பஸ் சந்திக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். ஸ்கூல் அந்தப் பக்கம். நடுவில் லாரி போகிற ரோடு. பஸ் ஸ்டாப்பைச் சந்தி தாண்டி ஸ்கூல் வாசலுக்கு மாற்றினால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

என் கணவர் சர்க்கார் உத்தியோகம். அதைக் கேட்டு எழுதும் மனுவில் தான் கையெழுத்துப் போட்டால் விதிப்படி தப்பு என்று வீட்டிலிருந்த பேனாவையே ஒளித்து வைத்தார். நான் எங்கள் மாதர் சங்கத்துக்குப் போனேன். முறைப்படி பதிவு செய்த சங்கம். தையல் வகுப்பும் வெள்ளிக்கிழமை பஜனையும்தான் வேலை. நசுங்கிய டப்பாவை மேஜை மேல் வைத்தேன். தலைவி, ரிட்டயர்டு தாசில்தாரின் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்றில் பறந்த காகிதங்களின் மேல் அதையே பாரமாக வைத்தார்.

தேர்தல் சமயம். செய்தி எப்படியோ பரவி, ஒரு வேட்பாளரின் ஆள் வந்தார். "சங்கத்து பேரால ஒரு ஊர்வலம், கையில எங்க கொடி. அடுத்த வாரமே ஸ்டாப்பு மாறும்" என்றார். தலைவி பேச மைக்கும் உண்டாம். தலைவி முகம் மலர்ந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பக்கத்துத் தெரு வக்கீலிடம் ஓடினேன்.

"சங்கத்து விதியில அரசியல் கூடாதுன்னு எழுதியிருக்கோன்னோ? சர்க்காரைக் கேக்கறது உங்க உரிமை. ஓட்டுக் கேக்கறது கட்சி வேலை. ரெண்டையும் கலக்காதீங்கோ" என்றார். "ஆபீஸ்காரா யாருக்கும் எதுவும் குடுக்காதீங்கோ. காப்பி கூட."

கடைசி வார்த்தை என் மனத்தில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது.

ஊர்வலம் வேண்டாம் என்று அந்த ஆளைத் திருப்பி அனுப்பினோம். மனுவை நானே எழுதினேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்ததற்கு அன்றுதான் வேலை வந்தது. பத்தொன்பது பேர் கூடினோம். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில் நின்றது.

"தலைவிதானே முதல்ல போடணும்" என்றார் தலைவி.

"பெருமாள் சன்னிதியிலயே எங்காத்துக்குத்தான் முதல் தீர்த்தம்" என்றார், கோயில் மரியாதை உள்ள வீட்டு மாமி. "இது ஒரு காகிதம். இதுல நான் ரெண்டாவதா?"

"பஸ் ஸ்டாப்பும் சன்னிதியும் ஒண்ணா மாமி?"

"ஏன், பெருமாள் இல்லாத இடம் உண்டோ?"

மூன்று வெள்ளிக்கிழமை இப்படிப் போயிற்று. நான் தினம் மகளோடு பஸ்ஸில் போய் அவள் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திக்கொண்டிருந்தேன். தோழிகள் முன்னால் அவமானம் என்று அவள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். நான்காவது வெள்ளிக்கிழமை பொறுமை போய், "ஆளுக்கு ஒரு மனு எழுதுங்கோ! எல்லாரும் முதல் கையெழுத்துதான்!" என்று கத்தினேன். பிறகு, கத்தியதற்காக அல்ல, முதலிலேயே சொல்லாததற்காக என்னைக் கடிந்துகொண்டார்கள்.

பத்தொன்பது மனுக்கள் தனித்தனி உறையில் போயின. கணவர் கேட்டு வெளுத்துப் போனார். "ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் போட்டு ரிஜிஸ்டர்ல ஏத்தணும். தனித்தனியா பதில் எழுதணும். எந்தப் பாவியோட சீட்ல விழப்போறதோ!"

பதில்கள் வந்தன. விஷயம் கவனத்தில் இருக்கிறது என்று இங்கிலீஷில் இரண்டே வரி. ஆனால் சர்க்கார் முத்திரை குத்திய பழுப்பு உறையில் தங்கள் சொந்தப் பெயரைப் பெண்கள் அதுவரை பார்த்ததில்லை. கோயில் வீட்டு மாமி அதைப் பெருமாள் படத்தடியில் வைத்தார். மரியாதைக்குப் பதில் போட வேண்டாமா? நன்றி சொல்லி, ஸ்டாப் எப்போது மாறும் என்று விசாரித்து எல்லோரும் மறுபடி எழுதினார்கள். அதற்கும் பதில் வந்தது. தலைவிக்கு மூன்று வரி வந்ததாகக் கேள்விப்பட்டு மாமி உடனே இன்னொன்று எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், மனு போன ஆபீஸின் ஹெட்கிளார்க் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். லால்குடிக்காரர், வியர்த்துக் கொட்டியது. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன்; வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"அம்மா, உங்க சங்கத்து தபாலுக்கே தனியா ஒரு ரிஜிஸ்டர் போட்டாச்சு. எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவா குடுத்துடுங்களேன்."

"குடுக்கலாம். யார் முதல்ல கையெழுத்துப் போடறது?"

அவர் ஸ்ரீரங்கத்து மரியாதைச் சண்டைகளை அறிந்தவர். "வேணாம்மா. ஆபீசரை இடத்தைப் பார்க்க அழைச்சுட்டு வரேன்" என்றார். "குடிக்கக் கொஞ்சம்..."

எனக்கு வக்கீல் சொன்னது ஞாபகம் வந்தது. அடுப்பில் காப்பி மணத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். அவர் போன பிறகு, தண்ணீரும் லஞ்சத்தில் சேர்த்தியா என்று வக்கீலிடம் போய்க் கேட்டேன்.

"பானைத் தண்ணியா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

ஆபீசர் வந்தார். அவர் பார்க்கும்போதே ஒரு லாரி அவர் வேட்டியை உரசிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் ஸ்டாப் மாறியது.

மாறிய அன்று காலை மகளைத் தனியாக பஸ் ஏற்றிவிட்டு, மனசு கேட்காமல் அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போனேன். ஸ்கூல் வாசலில் இறங்கினேன். அவளைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் சந்திக்கு அந்தப் பக்கம், பழைய ஸ்டாப்பில், வழக்கமாக அங்கே விற்கும் நெல்லிக்காய்க்காரி முன்னால் நிற்கிறாள். கையில் உப்பு மிளகாய்ப்பொடி தூவிய நெல்லிக்காய்; அதற்காகவே ஸ்கூல் வாசலில் இறங்கி ரோட்டைத் தாண்டிப் போயிருக்கிறாள். என்னைப் பார்த்து ஒரு ஓட்டமாக ரோட்டைக் கடந்து வந்தாள். நடுவில் ஒரு பஸ் பிரேக் போட்ட சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது.

கை கால் நடுங்க நானே ரோட்டைக் கடந்து போய் நெல்லிக்காய்க்காரியிடம், ஸ்டாப் மாறிவிட்டது, கூடையையும் ஸ்கூல் பக்கம் மாற்றிக்கொள் என்று சொன்னேன்.

"அட, இம்புட்டுத்தானா? புள்ளைங்க இருக்கற எடத்துலதானம்மா எனக்கு யாவாரம்" என்று கூடையைத் தலையில் வைத்துக்கொண்டாள். "நீங்க நடுங்காதீங்க, என் கையைப் பிடிச்சுக்குங்க."

அவள்தான் என்னை ரோட்டைக் கடத்திவிட்டாள். ஸ்கூல் கேட்டில் நின்று என் மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.