தோற்ற மேட்ச் முடிந்து ஸ்ட்ரெதம் பஸ்ஸில்

இன்றும் எங்கள் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் தோற்றது.

போன வருடம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோது, ஒரே சீசனில் மேலே ஏறிவிடுவோம் என்று சொல்லித் திரிந்தவன் நான். இப்போது மூன்றாம் பிரிவுக்குப் போகாமல் தப்பினாலே போதும்.

ஸ்ட்ரெதம் போகும் பஸ்ஸில் களைத்துப்போய் இருந்தேன். பக்கத்து சீட்டில், எங்கள் அணியின் புது ஜெர்சி போட்ட ஒரு தமிழ்ப் பெண். மதுரையிலிருந்து வேலைக்கு வந்து மூன்று மாதமாம். இன்றுதான் முதல் மேட்ச்.

"எப்பவுமே இப்படித்தான் ஆடுவாங்களாண்ணா?"

"ஓம் தங்கச்சி. வேற டீம் ஒண்டைப் பாருங்கோ. நானே இனிப் போறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன்."

அவள் சிரித்தாள். "கடைசி கோல் விழுந்ததும் பக்கத்துல இருந்த வெள்ளைக்காரம்மா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. இந்த ஊருக்கு வந்து என்னை ஒருத்தர் கட்டிப் பிடிச்சது இன்னைக்குத்தான்."



இறங்கும்போது கேட்டாள்: "அடுத்த சனிக்கிழமை வருவீங்கள்ல?"

"ஓம், வருவன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து, அடுத்த சனிக்கிழமையும் மேட்சுக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. இந்த மேட்ச் வருத்தம் மாறிச் சுகமானவர்கள் யாராவது இருந்தால் மருந்து சொல்லுங்கள்.