பாலத்தில் இழுக்காத பிக்கப்

யாழ்ப்பாணத்தில் மேடு இல்லை. புவியியல் பாடம் நடத்தவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். ஒரு வாகனம் பாரத்தோடு ஏறுமா ஏறாதா என்று பார்ப்பதற்கு இந்தக் குடாநாட்டில் பாலங்களை விட்டால் வேறு இடம் கிடையாது. எங்கள் பழைய டீசல் பிக்கப் முதன்முதலில் என்னைக் கைவிட்டதும் தொண்டைமானாற்றுப் பாலத்தில்தான்.

உரும்பிராயில் எங்கள் தோட்டக் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். அதைப் பவுசர் என்கிற, சில்லு வைத்த தண்ணீர்த் தாங்கியில் நிரப்பி, பிக்கப்பின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போய், பாலத்துக்கு அப்பால் உவர்த் தண்ணீரோடு மல்லுக்கட்டும் வீடுகளுக்குக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். பிக்கப் அண்ணையுடையது. அது ஓடிய தூரம் யாருக்கும் தெரியாது. மீற்றர் ஒருமுறை முழுதாகச் சுற்றி முடித்து, மறுபடியும் சைபரிலிருந்து தொடங்கி, பிறகு சலித்துப்போய் நின்றுவிட்டது.

சீனி வருத்தத்தால் அண்ணையின் பார்வை மங்கியபோது, இனி வாகனம் ஓடக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கொஞ்ச நாளைக்கு நீ ஓடு" என்று அண்ணை வாகனத் திறப்பை என்னிடம் தந்தார். அதுவரை நான் விறாந்தையில் தையல் மெசினோடு கிடந்தவள். பாரம் இழுத்துக்கொண்டு அச்சுவேலி வீதியில் போகும்போது, எனக்கு இப்படியும் ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறதே என்று சந்தோசத்தில் சத்தமாகப் பாடியிருக்கிறேன். தண்ணீர் இறைப்பதையும் டீசல் ஊற்றுவதையும் மட்டும் அண்ணை விடவில்லை. அவை அவருடைய வேலைகள். நான் கிட்டப் போனாலே முகம் கறுக்கும்.

அன்று பாலத்தில் ஏறும்போது மூன்றாம் கியரில் மூச்சு வாங்கியது. இரண்டாம் கியருக்கு மாற்றினேன். அக்சிலேற்றரை அடிவரை மிதித்தும் பிக்கப் சவாரிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் மாடு போல் ஊர்ந்தது. வெள்ளிக்கிழமை, சந்நிதிக் கோயிலுக்குப் போகிற சனம் பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது. ஒருவன் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "ஓ, பொம்பிளையே ஓடுறது" என்று தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல் சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து, "அண்ணை, வாகனம் இழுக்குதில்லை" என்றேன்.

"நான் ஓடேக்கை இழுத்ததுதானே. நீ கிளச்சிலை காலை வைச்சபடி ஓடுறாய்."

"இல்லை அண்ணை."

"ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் எண்டாளாம்" என்றார். அன்று நான் சோறு போடும்போது சோற்றுக்கோப்பை கொஞ்சம் சத்தமாகத்தான் வைக்கப்பட்டது.

கோப்பாயில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் டீசல் பில்ட்டரை மாற்றினார். அடுத்த நாள் பிக்கப் பறந்தது. இரண்டு நாளில் பழைய குருடி கதவைத் திறடி. எயார் கிளீனரோடு டீசல் குழாயையும் துப்புரவாக்கினார், பறந்தது, பிறகு படுத்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பார்த்தார், அப்போதும் அதே கதை. எதைத் தொட்டாலும் குணமாகியது, எதைத் தொட்டும் குணமாகவில்லை. இப்படி ஒரு வருத்தத்தை நான் மனிதரிலும் கண்டதில்லை. மெக்கானிக் பவுசரைக் கழற்றிவிட்டு வெறும் பிக்கப்பை மட்டமான வீதியில் ஓடிப் பார்த்து, "அக்கா, இதிலை ஒரு பிழையும் இல்லை" என்று சத்தியம் செய்தார். பிழை இல்லாத அந்த வாகனம் மாதத்துக்கு மாதம் இன்னும் மெதுவாகியது.

எனக்கு மண்டை காய்ந்தது. வாகனத்தில் பிழை இல்லையென்றால் பிழை என்னில்தானே? ஓடும்போதே குனிந்து என் இடது காலைப் பார்க்கத் தொடங்கினேன். கால் கிளச்சில் இல்லை. ஆனால் பார்க்காத நேரத்தில் இருந்திருக்குமோ? எஞ்சினின் சத்தமா அது, அல்லது என் காதுக்குள் கேட்கிறதா? செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு ஓடிப் பார்த்தேன். செருப்பு மேல் சந்தேகப்படும் அளவுக்கு வந்துவிட்டேன் என்று நினைக்க அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஒருநாள் காலை அண்ணை சொன்னார். "ஒரு ட்றைவரோடை கதைச்சிட்டன். திங்கள் வாறான். ஞாயிறு திறப்பைத் தா."

நான் எழுந்தேன். அண்ணை நிரப்பி வைத்திருந்த பவுசரைக் கொளுவிக்கொண்டு நேரே கோப்பாய்க்குப் போனேன். "தம்பி, வண்டியிலை ஏறும். பாரத்தோடை பாலத்துக்குப் போவம். வெறும் வண்டியைப் பாத்து நல்லம் எண்டு சொல்லாதையும்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மறுபேச்சில்லாமல் ஏறினார்.

பாலத்தின் பாதியில் பிக்கப் வழக்கம்போல் சோர்ந்தது. எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி. நோயாளி டொக்டருக்கு முன்னால் இருமிவிட்டானே! மெக்கானிக் என் கால்களைப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் டீசல் குழாயைக் கழற்றி, டீசல் தாங்கிப் பக்கமாக வாயால் ஊதினார். முதலில் கன்னம்தான் உப்பியது. திடீரென்று தாங்கிக்குள் களகளவென்று சத்தம் கேட்டது. குழாயைப் பூட்டி, அதற்குள் புகுந்த காற்றை வெளியே எடுத்து, ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பிக்கப் மிச்சப் பாலத்தை ஒரே மூச்சில் ஏறியது.

"அக்கா, தாங்கிக்குள்ளை என்னவோ கிடக்கு" என்றார். "பாரம் இழுக்கேக்கை எஞ்சின் கூட டீசல் உறிஞ்சும். அப்ப அது வந்து குழாய் வாயை அடைக்குது. குழாயைக் கழட்டி உறிஞ்சல் விட்டாத்தான் விலகும். நான் ஒவ்வொருக்காவும் குழாயைக் கழட்டினதாலைதான் சுகமாகினது போலை."

கராஜில் தாங்கியை இறக்கி, கம்பியை வளைத்து உள்ளே விட்டார். கட்டம் போட்ட சாரத் துண்டு ஒன்று வந்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மறுபடியும் விட்டார், இன்னொன்று. பிறகு, நைந்து நாராகிப்போன மூன்றாவது.

அது அண்ணை இடுப்பில் உடுத்துக் கிழிந்த சாரம். யுத்த காலத்தில் மண்ணெண்ணெயும் தூசியும் கலந்து வந்த டீசலைத் துணியால் வடிக்காமல் ஊற்றினால் வாகனம் அத்தோடு முடிந்தது. இப்போது நிரப்பு நிலையத்தில் நல்ல டீசல் கிடைத்தாலும், அண்ணை அதைக் கானில் வாங்கி வந்து, மண்டி அடியில் படிய வைத்து, தாங்கி வாயில் துணி செருகி, புனல் வைத்துத்தான் ஊற்றுவார். துணி டீசலோடு உள்ளே வழுக்கிப் போனதை அவர் காணவில்லை. ஒருமுறை அல்ல, மூன்று முறை.

வரும் வழியெல்லாம் நான் கோபத்தைச் சொல் சொல்லாக அடுக்கிக்கொண்டு வந்தேன். கிளச்சுக்கு ஒன்று, முற்றம் கோணலுக்கு ஒன்று, ட்றைவருக்கு ஒன்று. பம்ப் கொட்டிலடியில் அண்ணை நின்றார். துண்டுகளை அவர் கையில் வைத்தேன். எங்கே கிடந்தன என்று மட்டும் சொன்னேன்.

கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் விரலால் தடவிச் சாரத்தின் கரையைக் கண்டுபிடித்தார்.

"எத்தினை?"

"மூண்டு அண்ணை."

"காத்துக்குப் பறந்திட்டுது எண்டெல்லோ நினைச்சன்" என்றார். அடுக்கி வைத்திருந்த கோபமெல்லாம் எனக்குள் சரிந்து விழுந்தது.

பிறகு போனை என்னிடம் நீட்டி, ட்றைவரின் நம்பரை அழுத்தித் தரச் சொன்னார். "தம்பி, திங்கள் வரவேண்டாம். தங்கச்சி நல்லா ஓடுறாள்" என்றார். எத்தனையோ நாளாக நான் கேட்க ஏங்கிய வசனம் அது.

போனை வைத்துவிட்டு, கொட்டிலுக்குள் கையால் துழாவி டீசல் கானையும் புனலையும் எடுத்து வந்து என் காலடியில் வைத்தார்.

"இனி டீசலும் நீயே ஊத்து பிள்ளை."

அவருக்கென்று மிஞ்சியிருந்த இரண்டு வேலைகளில் ஒன்று அது. கானை நான் தூக்கிக்கொண்டு, புனலை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.