அண்ணி கட்டிய கயிறு

எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம், தனியாகக் கட்டுமரம் ஏறிப் போன என் அண்ணன் திரும்பவில்லை. மறுநாள் காலையில் எங்கள் குப்பத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்புக்கு நேராகக் கரை ஒதுங்கிக் கிடந்தான். போய்ப் பார்த்தேன். அழுகை வரவில்லை. தோளில் ஏறிக்கொண்டிருந்த நண்டைத் தட்டிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அதற்கும் பயமாக இருந்தது. முன்பு கரை ஒதுங்கிய ஒரு பிணத்தை ஊரே தூக்கி வந்து பந்தலில் கிடத்தியதற்குப் போலீஸ்காரர்கள் எங்களை வறுத்தெடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். இனி அவர்கள் வந்து பார்க்கும்வரை பிணத்தை நகர்த்தக் கூடாது என்பது உத்தரவு.

தலையாரி போய்க் கிராம முன்சீப்பிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். வெயில் ஏறிய பிறகுதான் திரும்பினார்.

"ஸ்டேசன்ல யாருமே இல்ல தம்பி. யாரோ வெளிநாட்டுக்காரரு சிலையெல்லாம் பாக்க வர்றாராம். ஜீப்பு, ஆளு, எல்லாம் மகாபலிபுரம் பந்தோபஸ்துக்குப் பூட்ச்சு. ஒருத்தர்தான் குந்திகினு கீறாரு. அய்யா வந்தா சொல்றேன்னாரு."

கல்லுக்குக் காவல் நிற்க ஆள் இருந்தது. கல் எழுந்து எங்கேயும் போய்விடப் போவதில்லை. என் அண்ணனும்தான் எங்கே போகப்போகிறான் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

ஆனால் மதியத்துக்கு மேல் கடல் ஏறத் தொடங்கியது. கடல் கொடுத்ததைத் திரும்ப இழுத்துக்கொண்டால் அப்புறம் கிடைக்காது. அதனால் ஒதுங்கியவரின் காலில் கயிறு கட்டி, மேட்டில் முளை அடித்துப் பிணைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நகர்த்தத்தானே கூடாது, கட்டக் கூடாது என்று சொல்லவில்லையே என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

அண்ணி வேறு யாரையும் தொட விடவில்லை. கட்டுமரம் பிணைக்கும் கயிற்றைத் தானே எடுத்து வந்தாள். முந்தானையில் ஒரு துண்டு கிழித்து அண்ணனின் கணுக்காலில் சுற்றி, அதன்மேல் கட்டினாள்.

"துணி இன்னாத்துக்கு அண்ணி?"

"கயிறு அறுக்கும் தம்பி."

முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "வூட்டுக்குக் கொண்டாந்து ஒரு சொம்பு தண்ணி ஊத்தணும். எனக்கு அவ்ளோதான் வேணும்," என்றாள். ஆஸ்பத்திரியில் அறுத்த பிணம் எங்கள் குப்பத்துக்குள் வராது. போலீஸ் வந்து பார்த்து, கடலில் விழுந்த சாவு என்று எழுதிவிட்டால் அறுக்காமலே கொடுத்துவிடுவார்கள். அதற்குத்தான் அத்தனை பேரும் காத்திருந்தோம்.

பொழுது சாயும்போது ஜீப் வந்தது. இறங்கிய எஸ்.ஐ. முகத்தில் களைப்பு. அவரும் காலையிலிருந்து வெயிலில்தான் நின்றிருப்பார். அண்ணனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கயிற்றைப் பார்த்தார்.

"யார் கட்டினது?"

"நாந்தான்," என்றாள் அண்ணி.

"எப்போ? உயிரோட இருந்தப்பவா?"

அப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. அவர் குனிந்து துணியைத் தொட்டார். "இது எதுக்கு? தடம் விழக்கூடாதுன்னா?"

"ஆமாங்க," என்றாள் அண்ணி.

அதன் பிறகு ஊரே ஒன்றாகக் கத்தியும் பிரயோஜனமில்லை. காலையிலேயே வந்திருந்தால் கயிறே இருந்திருக்காது சார் என்று நான் சொன்னேன். "இருக்கிறது ஒரு ஜீப்புப்பா," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் போகிற சவுக்குக்கட்டை லாரியில் அண்ணனைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் கூடப் போனேன். மறுநாள் காலையில் அண்ணி ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போனாள். முந்தின நாள் நடந்தது ஒத்திகைதானாம், அந்த வெளிநாட்டுக்காரர் அன்றைக்குத்தான் வந்தாராம். எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் எல்லோரும் மறுபடி பந்தோபஸ்தில் இருந்தார்கள். அண்ணி ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

மூழ்கிச் செத்ததுதான், உடம்பில் வேறு காயமில்லை என்றார் டாக்டர். பாயில் சுற்றிக் கொடுத்தார்கள். நாங்கள் வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. குப்பத்துக்குள் போகாமல் சவுக்குத் தோப்பிலேயே இறக்கினோம். அண்ணியைக் கூட்டிவர ஒருவரை அனுப்பினோம். கையெழுத்து வாங்காமல் விடமாட்டோம் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்களாம், அவர் தனியாகத் திரும்பி வந்தார். இனி வைத்திருக்க முடியாது என்றார்கள் பெரியவர்கள். நானும் மண் தள்ளினேன். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது.

எல்லாம் முடிந்து தோப்பில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது அண்ணி வந்தாள். மண்மேட்டைப் பார்த்தாள். ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்பாள், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, கால்ல தடம் வுழுந்துச்சா?"

"இல்ல அண்ணி. ஒண்ணுமே இல்ல."

"அந்த மட்டும் சரி," என்றாள்.