மீன் பொரித்தால் மலிகிற கரண்ட்

வீட்டைச் சூடாக்குகிற தொழில் செய்கிறவனை வைகாசியில் ஒருவரும் தேடுவதில்லை. தை மாதத்தில் ஒருவரும் சும்மா விடுவதில்லை. மொன்றியலில் ஒரு குளிர்காலமாவது பஸ்ஸுக்கு நின்று, மூக்கு விறைத்து, வீட்டுக்கு ஓடி வந்து, வீடும் குளிர்ந்து கிடக்கக் கண்டவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. அன்றைக்கு நீங்கள் திட்டினது என்னைத்தான்.

இரண்டாயிரத்துக்குப் பின்வந்த வருடங்களில் ஒரு சின்னக் கொம்பனியில் உதவியாளாக இருந்தேன். முதலாளியின் பெயர் ஜில். செய்கிற தொழில் சூடாக்குவது, பெயர் ஜில். தமிழ் வீடுகளுக்குப் போனால் இதைச் சொல்லிச் சிரிக்கவே கால்மணி நேரம் போகும். எங்கள் முக்கிய வேலை வீட்டுக்குச் சூடு தருகிற இரட்டை ஃபேர்னஸ் பூட்டுவது. அது கரண்டிலும் ஓடும், எண்ணெயிலும் ஓடும். அப்படியான வீடுகளுக்குக் கரண்ட் இரண்டு விலை. சாதாரண நேரத்தில் மற்ற வீடுகளைவிட மலிவு. வெளியே சைபருக்குக் கீழே பன்னிரண்டு பாகையைத் தாண்டினால் விலை மடங்கு மடங்காக ஏறும். ஃபேர்னஸ் தானாக எண்ணெய்க்கு மாறும். சுவரில் ஒரு சின்னச் சிவப்பு லைற் எரியும். ‘இப்ப விலை கூட, பாத்துச் செலவழி’ என்று அர்த்தம். இவ்வளவையும் தீர்மானிப்பது வெளிச்சுவரில் நாங்கள் பூட்டுகிற விரலளவு சாமான் ஒன்று. அதற்குக் குளிர்மானி என்று நானே பெயர் வைத்தேன். அது சொல்வதைத்தான் ஃபேர்னஸும் கேட்கும், மீற்றரும் கேட்கும்.

எட்டு வருடம் மற்றவர்களுடைய கையெழுத்துக்குக் கீழே வேலை செய்தவன் நான். சோதனை எழுதி லைசன்ஸும் எடுத்தாயிற்று. ஒரு புரட்டாதி மாதம் ஜில் எனக்கு வாக்குத் தந்தார். ஈஸ்டர் வரைக்கும் என் வேலையைப் பற்றி ஒரு முறைப்பாடும் வராவிட்டால் எனக்குத் தனி வான் வண்டி. நான் செய்கிற வேலைக்கு என் கையெழுத்து. மனிசி அன்றைக்கே வானுக்குள் வைக்க மடுமாதா படம் வாங்கிவிட்டாள். அதன் பிறகு ரெலிபோன் அடித்தாலே முறைப்பாடோ என்று ஓடிப்போய் எடுத்தேன்.

விளங்கின லைற்

முதலில் நான் பயந்தது என் பிரெஞ்சுக்குத்தான். டோர்வாலில் தனியாக இருந்த ஒரு வயதான வெள்ளைக்காரருக்குப் புது ஃபேர்னஸ் பூட்டி முடித்து, சிவப்பு லைற்றின் மகிமையை விளக்கத் தொடங்கினேன். கையைக் காட்டினேன், காலைக் காட்டினேன், குளிரில் நடுங்கிக் காட்டினேன். மனிசன் கதிரையில் இருந்து படம் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் விளங்காமல் அடுப்பை மூட்டி, மாத முடிவில் பில்லைப் பார்த்து ஜில்லுக்கு ரெலிபோன் அடிக்கப்போகிறார் என்று இன்னொருதரம் நடுங்கிக் காட்டினேன்.

இரண்டு கிழமை கழித்து, நல்ல குளிர் நாளில், மனம் கேளாமல் எட்டிப் பார்க்கப் போனேன். லைற் சிவப்பு. அடுப்பு மூட்டவில்லை, உடுப்பு மெஷின் ஓடவில்லை. மனிசன் மெழுகுதிரி கொளுத்தி வைத்துக்கொண்டு பாணும் சீஸும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் சொன்னார்: “உன்ர பிரெஞ்சு எனக்கு ஒரு சொட்டும் விளங்கேல்லை. உன்ர லைற் நல்லாய் விளங்குது.”

முதல் பந்தி

‘ஆத்திலை ஓடுற தண்ணியிலை எடுக்கிற கரண்டுக்கு ஏன் குளிரிலை விலை ஏறுது? தண்ணிக்கும் குளிருமோ?’ என்று கேட்காத ஆள் இல்லை. வடக்கே பெரிய பெரிய அணைகள். வருடம் முழுக்கப் பார்த்தால் கரண்டுக்குக் குறைவில்லை. ஆனால் கடுங்குளிர் அடிக்கிற அந்தச் சில மணித்தியாலம் மாகாணம் முழுக்க ஒன்றாகச் சூட்டைக் கூட்டும். ஜில் இதைக் கோடு கீறி, அம்புக்குறி போட்டு விளக்குவார். கேட்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

ஒருநாள் கர்க்லாண்டில் ஒரு பல் வைத்தியர், ஜில் கீறின படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் பொறுக்கேலாமல் இங்கிலீஷில் வாயைத் திறந்தேன். “எங்கட கலியாண வீட்டிலை சோறு கறி எல்லாம் தாராளமாய்க் காணும், ஐயா. ஆனால் வந்த சனம் அவ்வளவும் முதல் பந்தியிலையே குந்தினால் மேசையும் காணாது, பரிமாற ஆளும் காணாது. அதுதான் இரண்டாம் பந்திக்கு நிண்டு சாப்பிடுற ஆளுக்குக் கரண்ட் கொம்பனி மலிவாய்த் தருது” என்றேன். வைத்தியர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அந்த இடத்திலேயே கையெழுத்து வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு ஒரு அடி உயர்ந்த மாதிரி இருந்தது. வெளியே வந்து வானில் ஏறின ஜில் மெல்லக் கேட்டார்: “அந்தக் கலியாண வீட்டை எனக்கும் ஒருக்கால் பிரெஞ்சிலை எழுதித் தாறியா?”

சூரியனுக்கு ஒரு விண்ணப்பம்

பொங்கல் அன்று காலை ஏழு மணிக்கு ரெலிபோன். டொலார் என்கிற ஊர்ப்பக்கத்துச் சிவலிங்கம் மாஸ்ரர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். எதையும் கணக்காகச் செய்வார். வெளியே சைபருக்குக் கீழே இருபத்து நாலு பாகை. மாஸ்ரர் வீட்டு லைற் முதல்நாள் பின்னேரம் தொடக்கம் சிவப்பு. “தம்பி, ஒரே ஒரு மணித்தியாலம் அந்த லைற்றை நிப்பாட்டேலாதோ? இல்லாட்டி உன்ர முதலாளியோடை கதைக்கட்டோ?” என்றார். ‘முதலாளி’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நித்திரை முறிந்துவிட்டது.

“மாஸ்ரர், அது என்ர கையிலை இல்லை, வெளியிலை இருக்கிற குளிரின்ர கையிலை. பத்து மணிபோலை கொஞ்சம் குறையலாம்” என்றேன். “அப்ப பத்துக்குப் பொங்குவம்” என்று அவர் ஆறுதலாகச் சொன்னது எனக்கும் கேட்டது, குசினியில் நின்ற அவருடைய மனிசிக்கும் கேட்டது. பின்னால் இருந்து அந்த அக்கா போட்ட சத்தத்தை நான் காதில் இருந்து தூரப் பிடித்துத்தான் கேட்டேன்: “சூரியன் என்ன, உங்கட லைற் அணையுமட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசல்லை நிக்குமே? பானையை அடுப்பிலை ஏத்துங்கோ அங்காலை!”

கைராசிக்காரன்

மாசி மாதம் வந்தது. முறைப்பாடு ஒன்றும் இல்லை. அது மட்டுமா, ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் எங்கள் கோயில் பங்குப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ‘றெஜியின்ர கைராசிதான்’ என்று என்னைப் புகழ்கிறார்கள். மூன்று பேர் தங்களுக்கும் இரட்டை ஃபேர்னஸ் வேண்டும், நான்தான் பூட்ட வேண்டும் என்றார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஏன் என்று கேட்கவும் தோன்றவில்லை. புகழ்கிற ஆளை ஆராவது ஏன் என்று கேட்பார்களா?

காரணம் ஒரு சனிக்கிழமை தெரிந்தது. கர்க்லாண்டில் செபமாலை அண்ணை வீட்டுக்குப் புரட்டாதியில் நான்தான் வேலை செய்தேன். ஃபேர்னஸ் எண்ணெயில் அரைமணித்தியாலம் ஓடுகிறது, கரண்டுக்குத் தாவுகிறது, திரும்ப எண்ணெய்க்கு வருகிறது, விசர் பிடித்த மாதிரி இருக்கிறது என்று அண்ணை கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வெளியே சைபருக்குக் கீழே பத்தொன்பது பாகை, வீட்டுக்குள் லைற் அணைந்து கிடக்கிறது. குளிர்மானி பழுது என்று நினைத்து வீட்டின் பின்பக்கம் போனேன். முழங்கால் அளவு பனி. ஆனால் என் குளிர்மானிக்குக் கீழே மட்டும் பனி உருகிப் புல் தெரிகிறது. சுவரில் ஒரு குழாய் வாய். அதிலிருந்து குபுகுபுவென்று சூடான காற்று, நல்ல சீலாமீன் வாசத்தோடு. குளிர்மானி அதை வெயில் என்று நம்பியிருக்கிறது.

பேஸ்மென்ற் குசினி! மேல் வீட்டுக் கோட்டுகளில் பொரியல் மணம் ஏறக்கூடாது என்று எங்கள் ஆட்கள் நிலத்துக்குக் கீழே இரண்டாவது அடுப்பு வைப்பார்களே, அதன் புகைக்குழாய். புரட்டாதியில் அந்த ஓட்டைக்குப் பலகை அடித்திருந்தது. ‘இது என்ன ஓட்டை, அண்ணை?’ என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளைக்காரன் பூட்டியிருந்தால் அவனுக்குத் தெரியாது என்று விடலாம். தமிழ் வீட்டில் பின்சுவரில் ஓட்டை இருந்தால் அது எதற்கென்று எனக்குத் தெரியாதா? வெட்கத்தில் அந்தக் குளிரிலும் எனக்குக் காது சுட்டது.

கீழே இறங்கினால் அண்ணையின் மனிசி திரேசா அக்காவோடு இன்னும் இரண்டு பெண்கள். ஒரு அண்டா நிறைய ரோல்ஸ், ஒரு தாச்சி நிறைய மீன். “நான் இதைக் கண்டுபிடிச்சு ஒரு மாசமாச்சு தம்பி. அடுப்பை மூட்டி அரைமணித்தியாலத்திலை லைற் அணையும், கரண்ட் மலியும். அதுதான் எல்லாரையும் இஞ்சை வந்து பொரிக்கச் சொன்னனான்” என்றா அக்கா, நான் செய்த உபகாரத்துக்கு நன்றி சொல்கிற முகத்தோடு. என் கைராசி இதுதான்!

காரணம் அப்போதுதான் விளங்கின அண்ணை என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். “குளிர் போய் ஈஸ்டர் வருமட்டும் இப்பிடியே விடு. ஆருக்குத் தெரியப்போகுது? நீ இதைக் கழட்டினியோ, நான் உன்ர முதலாளிக்கு ரெலிபோன் அடிக்கத்தான் வேண்டி வரும்” என்றார். ஈஸ்டருக்கு ஏழு கிழமை. சும்மா விட்டால் வான் எனக்கு. கையை வைத்தால் முறைப்பாடு. இப்படி மாறி மாறிப் பாய்ந்தால் ஃபேர்னஸ் அடுத்த குளிர் காணாது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு கோப்பி முடியும்வரை யோசித்தேன், உண்மையைச் சொன்னால் விட்டுவிடத்தான் மனம் சொன்னது. ஆனால் டோர்வால் மனிசன் என் லைற்றை நம்பி மெழுகுதிரியில் இருக்கிறார். பொய் சொல்கிற லைற் பூட்டிவிட்டு அதற்குக் கீழே என் பெயரை எப்படி எழுதுவது? ஏணியை எடுத்தேன். குளிர்மானியைக் கழற்றி, வயரை நீட்டி, ஒரு குழாயும் இல்லாத மற்றச் சுவரில் பூட்டினேன். அரைமணித்தியாலத்தில் வீட்டுக்குள் சிவப்பு எரிந்தது. பேஸ்மென்ற்றில் இருந்து திரேசா அக்காவின் குரல் வந்தது: “தம்பி, பாதி மீன் பொரியாமல் நிக்குது, உனக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இல்லையே?”

முறைப்பாடு

திங்கள் காலை ஜில் கூப்பிட்டார். செபமாலை அண்ணை சொன்ன சொல் தவறாத மனிசன்; பத்து நிமிடம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் கொட்டியிருக்கிறார். “நீ போன பிறகு அவருக்குக் கரண்ட் விலை ஏறிட்டுதாம்” என்றார் ஜில். நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. மீன், குழாய், பலகை, நான் கேட்காமல் விட்ட கேள்வி, எல்லாம் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். ஜில் சிரிக்கவில்லை. முறைப்பாடு வந்தது வந்ததுதான், வான் இல்லை என்றார். நான் சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நாற்பது வயது ஆம்பிளை, சொல்ல என்ன வெட்கம், அழுதேன்.

பின்னேரம் வேலை முடிந்து கோட்டுப் போடும்போது ஜில் வந்து என் கையில் வளையத்தில் கோத்த ஒரு திறப்பைத் தந்தார். வான் திறப்பு அல்ல, வீட்டுத் திறப்பு. அவருடைய தாய் இல்-பிசார் தீவில் தனியாக இருக்கிறா என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டு ஃபேர்னஸை இதுவரைக்கும் ஜில் தவிர ஒருவரும் தொட்டதில்லை. அவர் பிரெஞ்சில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: “அம்மாவின்ர ஃபேர்னஸ் மாத்த வேணும். நான் வரமாட்டன். பிழை விட்டால் வந்து சொல்லுற ஆள் செய்யட்டும். கடுதாசியிலை உன்ர கையெழுத்தைப் போடு.”

என் பெயர் விழுந்த முதல் வேலை என்னைப் பற்றி வந்த முதல் முறைப்பாட்டால்தான் கிடைத்தது என்பதைச் செபமாலை அண்ணைக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை, சொன்னால் மனிசன் அதற்கும் பங்கு கேட்பார்.