அறுபத்திரண்டாவது அடி

“…அதான் கேக்கறேன், அறுபத்திரண்டாவது அடியில ஒரு பைக் நிக்கணுமே, இன்னிக்கு எங்க போச்சு?”

மதியச் சாப்பாட்டில் என் கணவர் இப்படிக் கேட்டதும், சாம்பார் ஊற்றிய என் கை நின்றுவிட்டது.

சர்க்கரை அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய் ஒரு வருஷமாகிறது. இந்த ஏ.எஸ்.ராவ் நகரில் முப்பது வருஷம் தொழிற்சாலையில் கம்பிகளையும் கருவிகளையும் அளந்தவர் இப்போது தெருவை அளக்கிறார். சனிக்கிழமைதோறும் ஒரு பயிற்சியாளர் வந்து வெள்ளைக்கோல் பிடிக்கக் கற்றுத்தருகிறார். வாசலிலிருந்து சுவரோரமாகப் பால் கடைக்கு நூற்று நாற்பது காலடி. நாற்பதில் வேப்பமரம். அறுபத்திரண்டில் அடுத்த வீட்டுக்காரரின் பைக். அதன் சீட்டைத் தடவிக்கொண்டே சுற்றிப் போனால் மறுபடி சுவர்.

புனேயிலிருந்து வந்த மகள் முதல் நாளே சொல்லிவிட்டாள். “அப்பா தனியா பால் கடைக்குப் போயிட்டு வந்தா நீங்க இங்கயே இருங்க. இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும்.”

“சரிம்மா, நாளைக்கே பாத்துடலாம்” என்றார் அவர்.

எனக்குத்தான் தூக்கமில்லை. விடிந்ததும் தெருவில் இறங்கிச் செங்கல் துண்டுகளைப் பொறுக்கினேன். அடுத்த வீட்டுக்காரரிடம் பைக்கை உள்ளே வைக்கச் சொன்னேன். “ஹவ் அம்மா” என்று தலையாட்டிவிட்டு உருட்டிப் போனார். கடை திறந்துகொண்டிருந்த பால் கடைக்காரி பார்த்துவிட்டுத் தெலுங்கில் சொன்னாள்: “கண் போனவருக்கு ரொம்பப் பரிதாபப்பட்டால் காலும் போயிடும்.” யார் என்ன சொன்னாலும் ரசிக்கிறவள் நான். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

பயிற்சி முடிந்ததும் அவர் கிளம்பினார். வேப்பமரத்துக்கு அப்பால் தெரு வளைவதால் வாசலில் நின்ற எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நேரம் கழித்துப் பால் பாக்கெட்டோடு வந்தார். மகள் அழுதேவிட்டாள். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவர் பைக்கைப் பற்றிக் கேட்டார்.

“பைக் இல்லாதது நல்லதுதானேப்பா?” என்றாள் மகள்.

“அதைத் தேடிட்டே போனேன். எண்ணிக்கை தப்பிடுச்சு. நடு ரோட்டுல நின்னிருக்கேன். ஆட்டோ ஒண்ணு இடிச்சுட்டு நின்னுச்சு. அந்த ஆளுதான் கையைப் பிடிச்சு சுவரோரம் விட்டாரு.” சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கை உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? “நான்தாங்க எடுக்கச் சொன்னேன்” என்றேன்.

“தெரியும். பால் கடையில சொன்னாங்க” என்றார்.

எழுந்து, சுவரைத் தடவிப் போய்க் கை கழுவினார். மூலையில் இருந்த கோலை எடுத்து நான்காக மடித்தார். மகள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று ஒரு கணம் காதால் தேடிவிட்டு, “தனியா போயிட்டு வரலைம்மா, வீட்டைப் பூட்டிடலாம்” என்று அதை அவளிடம் நீட்டினார்.